மழையில் இறங்கிய ஃபிளைட்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கூடலூர்க்காரன்:

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோயம்புத்தூரைவிடக் கரிப்பூர்தான், அதாவது கோழிக்கோடு விமான நிலையம்தான், பக்கம். நாடுகாணி இறங்கி, நிலம்பூர், மஞ்சேரி என்று போனால் முடிந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கே மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்வது அதற்கு அப்புறம் வந்த ஒரு மழைக்காலத்தில் நடந்தது.

துபாயிலிருந்து வந்த ராத்திரி ஃபிளைட். ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக ஓடுகிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று ரன்வே விளக்குகள் ரொம்பக் கிட்டத்தில் வந்தன. பக்கத்து சீட்டில் மலப்புரத்துக்காரர் ஒருவர். சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டு "எத்தி, எத்தி" (வந்துவிட்டேன்) என்றார். சொல்லி வாய் மூடவில்லை, என்ஜின் இரண்டும் அலறின, மூக்கு மேலே தூக்கியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. லைன் போய்விட்டது, வீட்டில் அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்களோ.

இரண்டாவது முயற்சியிலும் இதேதான். அப்புறம் கொச்சி நெடும்பாசேரிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஆரம்பித்தது சண்டை. "மத்த ஃபிளைட் எல்லாம் இறங்குது, இவனுக்கு மட்டும் என்ன பயம்?" என்று ஒருவர் பணிப்பெண்ணிடம் கத்தினார், நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வலதுசீட்டு:

பதில் இருக்கிறது. உங்கள் கேப்டன் சரியான வேலையைச் செய்தார், கத்தினவருக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான்.

நான் துணை விமானி. கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை உண்டு. ஒரு தடவை கேப்டன் இடத்தில் உட்கார்ந்த பயிற்றுநர், எனக்கு முன்கூட்டியே சொல்லாமல், வேண்டுமென்றே தப்பாக ஓட்டினார். நனைந்த ரன்வே, பின்காற்று, வேகம் அதிகம். ரன்வேயின் ஆரம்ப முனை எங்களுக்குக் கீழே கடந்து போய்விட்டது, சக்கரம் இன்னும் மிதக்கிறது. நான் "கோ-அரவுண்ட்" என்றேன், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று. அவர் அசையவில்லை. மறுபடி சொன்னேன். அசையவில்லை. என் கை என்ஜின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் நின்றுவிட்டது. அவர் சிமுலேட்டரை அப்படியே நிறுத்தி, "உன் கையைப் பார்" என்றார். எதிரே திரையில் ரன்வே கடைசியின் சிவப்பு விளக்கு வரிசை.

விதி ரொம்ப எளிது. பக்கத்து சீட்டுக்காரர் கோ-அரவுண்ட் என்றால் ஓட்டுகிறவர் வாதம் செய்யாமல் மேலே போக வேண்டும். போகாவிட்டால் கட்டுப்பாட்டை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் இருப்பவர் சில நூறு மணி நேரம் பறந்தவர், அந்தப் பக்கம் பத்தாயிரம். அவர் எழுதும் குறிப்பில்தான் இவர் அடுத்த பதவிக்குப் போகிறார். நிஜ விமானத்தில் கேப்டன் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கிய துணை விமானியை நான் பார்த்ததில்லை. கோழிக்கோட்டில் துணை விமானி கோ-அரவுண்ட் சொன்னார், நடக்கவில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னால் மங்களூரில் ரன்வேயைத் தாண்டி விழுந்த விமானத்திலும் துணை விமானி சொன்னார், நடக்கவில்லை. இரண்டு விபத்தின் விசாரணை அறிக்கையிலும் இது இருக்கிறது.

டேபிள்டாப்:

வலதுசீட்டு, பைலட்டைத் திட்டியே எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே மேட்டு ரன்வே. கடைசியில் பள்ளம். அதே தவறு சமவெளியில் நடந்திருந்தால் விமானம் சகதியில் நின்றிருக்கும், கரிப்பூரில் மூன்று துண்டாக உடைந்திருக்காது, 21 பேர் செத்திருக்க மாட்டார்கள். ரன்வே முனையில் நொறுங்கும் கான்கிரீட் படுக்கை ஒன்று போடுவார்கள், சக்கரம் ஏறினால் அப்பளம் மாதிரி உடைந்து விமானத்தைப் பிடித்து நிறுத்தும். நியூயார்க்கில் இருக்கிறது, பல ஊரில் இருக்கிறது. கரிப்பூரில் அன்றைக்கு ஏன் இல்லை? அதைக் கேளுங்கள்.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. மங்களூரில் இறங்கிய பிறகு விமானம் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், ரன்வேக்கு அந்தப் பக்கம் பூமி இல்லை. மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. வயிற்றைக் கலக்கியது.

வலதுசீட்டு:

படுக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கரிப்பூர் ரன்வே 8,858 அடி. சக்கரம் தொட்டது 4,438 அடி தாண்டி. பாதி ரன்வே காற்றிலேயே போய்விட்டது. மங்களூரில் 8,033 அடியில் 5,200 அடி போன பிறகு தொட்டது, அன்றைக்கு அங்கே மழைகூட இல்லை. முதல் 3,000 அடிக்குள் தொட வேண்டும், இல்லையென்றால் மேலே ஏற வேண்டும். இது மேட்டு ரன்வேக்கு மட்டுமான விதி அல்ல.

ஏன் மிதக்கிறார்கள் தெரியுமா? மெத்தென்று இறக்க. 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு வினாடி மிதந்தால் 230 அடிக்கு மேல் போச்சு. நாலு வினாடி மிதந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த ரன்வேயில் சற்று அடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் டயர் தண்ணீரை உடைத்துக்கொண்டு தரையைப் பிடிக்கும், சக்கரம் சுழலும், இறக்கை மேலே ஸ்பாய்லர் தகடுகள் எழுந்து விமானத்தைத் தரையில் அமுக்கும், பிரேக் வேலை செய்யும். மெதுவாக வைத்தால் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். 200 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயருக்கு இந்த வழுக்கல் 127 நாட் பக்கத்தில், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிவிடும். தொடும்போது நாங்கள் போவது அதற்கும் மேலே.

ஆனால் அடித்து வைத்தால் என்ன நடக்கும்? விமானத்தின் பதிவுக்கருவி எவ்வளவு பலமாக இடித்தது, எத்தனை ஜி என்று எழுதிவைக்கும், மறுநாள் ஆபீஸிலிருந்து போன். மெத்தென்று இறக்கினால் பின்னால் கைதட்டல். நீங்கள் எதைப் பழகுவீர்கள்?

சேஃப்டி மாமா:

நல்ல இழை. சென்னையில் ஒரு நவம்பர் மழையில் எங்கள் விமானம் படார் என்று விழுந்தது போல் இறங்கியது, மேலே இருந்த பெட்டிக் கதவு இரண்டு தானாகத் திறந்துகொண்டது, ஒரு பாட்டி முருகனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் என் கதை. வலதுசீட்டு சொல்வதைப் பார்த்தால் அந்தப் பைலட்டுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் போல.

ஆனால் யாரும் சொல்லாத சில விஷயம் இருக்கிறது, பயணிகளாகிய நாம் செய்யக்கூடியது. மழையில் இறங்கும் விமானத்தில் செருப்பு, ஷூவைக் கழற்றாதீர்கள். நிறையப் பேர் நீண்ட ஃபிளைட்டில் கழற்றிவிட்டுத் தூங்குவார்கள், இறங்கும்போது போட மறந்துவிடுவார்கள். உடைந்த உலோகத்தின் மேலும் எரிபொருள் கொட்டிய புல் மேலும் வெறுங்காலோடு ஓட முடியுமா? இறங்குவதற்கு இருபது நிமிஷம் முன்பே போட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

அப்புறம், உட்கார்ந்ததும் முன்னால் உள்ள கதவுக்கு எத்தனை வரிசை, பின்னால் உள்ளதற்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகை வந்தால் கண் உதவாது, சீட்டின் முதுகைக் கையால் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். பெல்ட்டை இடுப்பெலும்பு மேல் இறுக்குங்கள், வயிற்றின் மேல் தளர்வாக அல்ல. குழந்தை மடியில் இருந்தால் பணிப்பெண்ணிடம் தனி பெல்ட் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பை எடுக்காதீர்கள். 2005 ஆகஸ்ட் 2 அன்று டொரன்டோவில் புயல் மழையில் ஏர் பிரான்ஸ் விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. தீப்பிடித்துக்கொண்டது. 309 பேர், ஒருவர்கூடச் சாகவில்லை. அதிலும் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நம்ம ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், விமானம் நிற்பதற்குள் எழுந்து நின்று மேலிருந்து ட்ராலியை இறக்குகிறோம். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எரிந்தால் எரியட்டும்.

ரேம்ப்நைட்:

மாமா, ஷூ எல்லாம் சரி, கொஞ்சம் கீழே வாருங்கள். நான் மும்பையில் கிரவுண்ட் வேலை பார்த்தவன். 2019 ஜூலை 1 ராத்திரி மெயின் ரன்வேயைத் தாண்டி ஒரு விமானம் புல்லில் போய் நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை, அதனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்காதது அதை வெளியே இழுத்த வேலை. முன்சக்கரம் சகதியில் புதைந்துபோய், மழையும் விடாமல், பாதை போட்டு இழுத்துப் பின்னுக்குக் கொண்டுவர நாட்கள் ஆயின. அதுவரை ஊரே சின்ன ரன்வேயில் ஓடியது. நூற்றுக்கணக்கில் ரத்து. கவுண்டரில் இருந்த பையன்கள் வாங்கின திட்டுக்கு அளவில்லை.

ஒரு விஷயம் நீங்கள் யாரும் தொடவில்லை. சக்கரம் தொடும் இடத்தில் டயர் ரப்பர் உருகி ரன்வேயோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் பார்த்தால் வெறும் கறுப்புப் பட்டை. முதல் மழை விழுந்ததும் அதன் மேல் பூட்ஸோடு நடந்து பாருங்கள், நான் நடந்து விழப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் அதை அதிக அழுத்தத் தண்ணீரால் அடித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்தால் நல்ல ரன்வே, எடுக்காவிட்டால் அதே ரன்வே வேறு ரன்வே. பைலட்டுக்கு மேலிருந்து அது தெரியாது. முன்பெல்லாம் முன்னால் இறங்கியவரிடம் டவர் "பிரேக் எப்படி?" என்று கேட்கும், அவர் "மீடியம்" என்பார், பின்னால் வருகிறவர் அதை நம்புவார். 2021 நவம்பர் முதல் ரன்வேயை மூன்று பாகமாகப் பிரித்து, எவ்வளவு வழுக்குகிறது என்று 6 முதல் 0 வரை எண் கொடுக்கும் உலக முறை வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைப் போட ஜீப்பில் போகிறவனும் அதே மழையில்தான் நனைகிறான்.

டேபிள்டாப்:

அதைத்தான் நானும் சொல்கிறேன், பைலட் மட்டும் அல்ல. கரிப்பூரில் முதல் முயற்சியின்போது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. கொட்டுகிற மழையில் வைப்பர் இல்லாமல் இறக்கு என்றால் யார் இறக்குவது?

வலதுசீட்டு:

யாரும் இறக்கக் கூடாது, அதுதான் விஷயம். கோயம்புத்தூர், நெடும்பாசேரி என்று போயிருக்கலாம். கூடலூர்க்காரரின் கேப்டன் போனார் இல்லையா? ஆனால் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கேப்டன் மேல் கோபம் குறைந்துவிட்டது. மறுநாள் காலை அதே ஊரிலிருந்து கிளம்பும் ஃபிளைட்டையும் அவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கோழிக்கோட்டில் போதுமான கேப்டன்கள் இல்லை. வேறு ஊரில் இறங்கியிருந்தால் ஓய்வு நேரக் கணக்குப்படி காலை ஃபிளைட் போயே போச்சு. யாரும் அவரை வற்புறுத்தியிருக்க வேண்டியதில்லை, ரோஸ்டரே, டியூட்டி அட்டவணையே, போதும்.

கூடலூர்க்காரன்:

இது எனக்குத் தெரியாது. அப்படியானால் எங்கள் ஆளுக்கு மறுநாள் காலை டியூட்டி இல்லாமல் இருந்ததோ என்னவோ.

டேபிள்டாப்:

ரோஸ்டர் போடுகிறவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சிமுலேட்டரில் உட்காரவையுங்கள். பின்காற்று, மழை, வைப்பர் இல்லை. இறக்கட்டும் பார்ப்போம்.

சேஃப்டி மாமா:

ஷூ விஷயத்தை யாருமே ஒழுங்காகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.