ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்த கேள்விகள்: மக்களவை விவாதங்களில் பெரோஸ் காந்தி

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பணியைப் பற்றிப் பேசும்போது, வருகை எத்தனை விழுக்காடு, கேட்ட கேள்விகள் எத்தனை, கலந்துகொண்ட விவாதங்கள் எத்தனை என்னும் மூன்று எண்களையே இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுகின்றனர். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், 1952 முதல் 1960இல் மறையும் வரை மக்களவையில் இருந்த பெரோஸ் காந்தி, முதல் சில ஆண்டுகளில் அதிகம் பேசாத, ஆளுங்கட்சியான காங்கிரஸின் பின்வரிசை உறுப்பினராகவே தென்படுகிறார். ஆனால் 1955 இறுதியிலிருந்து அவர் ஆற்றிய ஓரிரு உரைகளை அடுத்து ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையானது என்றும், நிதியமைச்சர் ஒருவர் பதவி விலக நேர்ந்தது என்றும் படித்தேன். இந்த விளைவுகளுக்கு அவருடைய உரைகள்தாம் காரணமா? அல்லது பிரதமர் நேருவின் மருமகன் என்பதால் கிடைத்த கவனமா? அவர் அவையில் செய்தது என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: கல்லிடை வாசகன்

நண்பர் இளவேனில் அவர்களுக்கு, நீங்கள் குறிப்பிடும் நிகழ்வுகள் இரண்டும் தனித்தனியானவை அல்ல. முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்காது.

1955 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்தம் அவைக்கு வந்தபோது, தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குகளை வைத்துக்கொண்டு பெரோஸ் காந்தி விரிவாகப் பேசினார். பாலிசிதாரர்கள் கட்டிய பணம் ராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எப்படி வேறு வழிகளுக்குத் திருப்பப்பட்டது என்பதே அந்த உரையின் மையம். 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு ஏற்கும் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, இந்திய, வெளிநாட்டு நிறுவனங்களும் சேமநலச் சங்கங்களுமாக 245 அமைப்புகளின் ஆயுள் காப்பீட்டு வணிகத்தை ஒன்றாக்கி எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. டால்மியா பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்.

தனியார் கையிலிருந்த மக்கள் பணம் அரசின் கைக்கு வந்துவிட்டதே என்று அவர் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை என்பதுதான் என்னை அவர்மீது பெருமதிப்புக் கொள்ளச் செய்கிறது. எல்.ஐ.சி. பிறந்து ஓராண்டுகூட நிறைவதற்குள், 1957 ஜூனில், கொல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை அது ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் கொடுக்கப்பட்டிருந்தது. இதைப் பற்றி மக்களவையில் முதலில் கேள்வி எழுப்பிய ராம் சுபக் சிங்கும் காங்கிரஸ் உறுப்பினரே. அரசு அளித்த பதில்கள் முழுமையாக இல்லாத நிலையில், அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கப்படும் துணைக் கேள்விகள் வழியாகப் பிடியை இறுக்கி, 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி அதை ஒரு முழு விவாதமாக்கினார். தன் மனத்துக்குள் எழுந்த கலகமே தன்னைப் பேசவைக்கிறது என்றும், இவ்வளவு பெரிய செயல்கள் நடக்கும்போது மௌனம் குற்றமாகிவிடும் என்றும் அவர் சொன்ன தொடக்க வரிகள் புகழ்பெற்றவை. ஆயினும் அந்த உரையின் வலிமை அந்த வரிகளில் இல்லை. எந்தப் பங்கு, எந்த நாள், என்ன விலை என்று ஒவ்வொன்றாக அவைமுன் வைத்த பின்பகுதியில்தான் இருக்கிறது.

அப்போது நிதியமைச்சராக இருந்தவர் தென்சென்னைத் தொகுதியிலிருந்து வென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையிலான ஒருநபர் ஆணையம், பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, சில வாரங்களிலேயே அறிக்கை அளித்தது. துறைச் செயலர் செய்ததற்கும் அமைச்சரே அரசமைப்பு முறைப்படி பொறுப்பேற்க வேண்டும், அதிகாரியின் பின்னால் அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அவர் 1962இல் திருச்செந்தூரிலிருந்து மீண்டும் மக்களவைக்கு வந்து, 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: மீனாட்சி

மேலே உள்ளவர் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் பார்வையில் பெரோஸ் காந்தியின் நாடாளுமன்றப் பணியில் இதுவே நீண்டகாலப் பயன் உடையது.

அவையில் ஓர் உறுப்பினர் பேசியதற்காக அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் அந்தப் பேச்சை உள்ளபடியே அச்சிடும் செய்தித்தாளுக்கு அன்று அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒரு பெருவணிகரின் பெயரைச் சொல்லி உறுப்பினர் அவையில் பேசலாம். அதை மறுநாள் வெளியிட்ட ஆசிரியர் அவதூறு வழக்கில் நிற்க நேரலாம். இப்படியொரு நிலையில், அவையில் எவ்வளவு துணிவாகப் பேசினாலும் அது வாக்காளரின் காதுக்குப் போய்ச் சேராது. இதை உணர்ந்த பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா), 1956இல் நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவோருக்கான பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது. இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் சட்டமாக ஆகியுள்ள தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்திரா காந்தியின் அரசு அந்தச் சட்டத்தையே நீக்கியது. 1977இல் ஜனதா அரசு அதை மீட்டுத் தந்தது. 44ஆம் திருத்தத்தின் வழியாக 361அ என்னும் பிரிவாக அந்தப் பாதுகாப்பு அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றது. ஆகவே இப்போது அதை ஒரு சாதாரண அவசரச் சட்டத்தால் எடுத்துவிட முடியாது.

பதில்: ப. திருமாவளன்

இருவரின் விளக்கமும் பயனுள்ளவை. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். காப்பீட்டுத் துறை அரசுடைமையானதற்குப் பெரோஸ் காந்தியின் ஓர் உரையே காரணம் என்று சொல்வது பொருந்தாது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிசப் பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்துவிட்டது, நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கின் அமைச்சகம் அத்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. உரை அந்த முடிவுக்கு மக்கள் ஆதரவைத் திரட்டியது என்று சொன்னால் ஏற்கலாம்.

மேலும், இன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர் எவரும் அவ்வாறு எழுந்து நிற்க இயலாது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடாவின் சொல்லே இறுதியானது. பேசுவோரின் பெயர்ப் பட்டியலைக் கட்சிகளே கொடுக்கின்றன. நேரமும் கட்சிகளின் பலத்தைப் பொறுத்தே பங்கிடப்படுகிறது.

பதில்: கல்லிடை வாசகன்

ஆவடித் தீர்மானத்தைப் பற்றித் திருமாவளன் சொல்வது சரி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் முந்த்ரா விவகாரத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே அரசின் கொள்கை எதுவும் அவருக்குத் துணை நிற்கவில்லை. தன் கட்சியின் அமைச்சரையும், தான் பேசி வலுச்சேர்த்த அரசு நிறுவனத்தையும் எதிர்த்தே அவர் பேசினார்.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. பத்தாம் அட்டவணை கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பதையும், வாக்களிக்காமல் விலகி நிற்பதையும், கட்சி உறுப்பினர் பொறுப்பைத் தாமாகக் கைவிடுவதையும் மட்டுமே தகுதியிழப்புக்குக் காரணங்களாகச் சொல்கிறது. விளக்கம் கேட்டு அமைச்சருக்கு வினா அனுப்புவதை அது தடுக்கவில்லை. வினாவுக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்; கட்சியின் பட்டியலில் இடம்பெறத் தேவையில்லை. நாளொன்றுக்கு, அவையில் வாய்மொழியாக விடை கோரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 மட்டுமே ஏற்கப்படுவதும், அவற்றுள் சிலவற்றுக்கே வாய்மொழிப் பதில் கிடைப்பதும் உண்மையான தடைகள்தாம். ஆனால் நன்கு தயாரித்த ஒரு துணைக் கேள்விக்கு இன்றும் அங்கே இடமிருக்கிறது. அடுத்த தேர்தலில் கட்சி வாய்ப்பளிக்குமா என்ற அச்சமே பெரும்பாலோரைத் தடுக்கிறது. அந்த அச்சம் 1957லும் இருந்தது.

பதில்: இளவேனில்

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. மருமகன் என்ற உறவு அவருக்கு வழியைத் திறந்தது என்று எண்ணியிருந்தேன். அதே உறவே அவருடைய கேள்விகளைப் பலமடங்கு கடினமாக்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மூல ஆவணங்களைப் படிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மீனாட்சி

பழைய மக்களவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் நாள்வாரியாகக் கிடைக்கின்றன. நேரடியாக டிசம்பர் 16ஆம் நாள் உரைக்குச் செல்ல வேண்டாம். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த கேள்வி நேரப் பகுதிகளை முதலில் படியுங்கள். அமைச்சரின் விடைகளில் எந்தச் சொல் தவிர்க்கப்பட்டது, அடுத்த துணைக் கேள்வி அந்த இடத்தையே எப்படித் தொட்டது என்பது அங்கேதான் தெரியும். பிறகு அந்த உரையையும், அதன் பின் சாக்ளா அறிக்கையையும் படித்தால், உறுப்பினர் முன்வைத்தவற்றுள் எவையெல்லாம் விசாரணையில் நிலைபெற்றன என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.