லைட்ஹவுஸ் மதிப்பெண் 97, ஆனால் முன்பதிவைப் பலர் முடிப்பதில்லை: பயனர்களை நேரில் பார்த்துச் சோதிப்பது எப்படி?

கேள்வி: கெடிலக்கரை

கடலூரில் ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவுத் தளத்தைப் பராமரிக்கிறோம். தமிழ்தான் முதலில் திறக்கும், மேலே ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தான் உண்டு. மொத்தம் நான்கு திரை. முதலில் பெயரும் பிறந்த தேதியும், அடுத்து முகவரியும் பின்கோடும், மூன்றாவதில் மருத்துவரும் நேரமும், கடைசியில் கைப்பேசி எண்ணும் ஓடிபியும். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், முதுநகர் தொடங்கி அந்தப் பக்கம் கிருமாம்பாக்கம், பாகூர் வரைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அநேகமாக எல்லாரும் ஆண்ட்ராய்டு.

தளத்தைச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பது) 100க்கு 97. அதையே சோதிக்கும் ஆக்ஸ் என்ற உலாவி நீட்சியும் பிழை காட்டவில்லை. ஆனாலும் முதல் இரண்டு திரையிலும் ஓடிபி திரையிலும் பலர் நின்றுவிடுகிறார்கள். பிறகு வரவேற்பு மேசைக்கு போன் போட்டுப் பதிவு செய்கிறார்கள். தளத்தில் கருத்துப் பெட்டி வைத்தோம், நிரப்பியவர்கள் எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான்) பயன்படுத்துகிற பார்வையற்ற ஒருவர் மட்டும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று போனில் சொல்லியிருக்கிறார்.

நேரில் சிலரை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். எத்தனை பேர் வேண்டும்? எங்கே வைத்துச் செய்வது? என்ன கேட்பது? வேலைக்கு இரண்டே பேர்தான் இருக்கிறோம், செலவும் அதிகம் செய்ய முடியாது.

பதில்: தேவனாம்பட்டினம் ராஜா

97 என்பது கருவியால் பார்க்க முடிந்த விதிகளில் கிடைத்த மதிப்பெண். படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரை பொருத்தமானதா என்று அதற்குத் தெரியாது. பெட்டிக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பெட்டி அங்கே தேவையா என்று கேட்காது. கருத்துப் பெட்டியையும் நம்ப வேண்டாம், பாதியில் போனவர் அதை நிரப்பியிருக்க மாட்டார்.

முதல் சுற்றுக்கு ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் 1993ல் கொடுத்த கணக்கு இது: ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார் என்றால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். அந்த 31 அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி, எல்லாத் தளத்துக்கும் பொருந்தாது. உங்களுக்கு வருகிறவர்கள் பலவகை என்பதால் ஐந்து பேரோடு நிறுத்தாதீர்கள். ஐந்து பேரைப் பாருங்கள், திருத்துங்கள், பிறகு வேறு ஐந்து பேரைப் பாருங்கள். ஒரே மூச்சில் பத்துப் பேரை வைப்பதைவிட இது நல்லது. முதல் சிக்கலில் சிக்கி நின்றவர் அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவே மாட்டார்.

ஆள் தேர்வில் கறாராக இருங்கள். அறுபது தாண்டியவர் இருவர், தமிழ் மட்டும் படிக்கிறவர் ஒருவர், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பதிவு செய்ய வருகிற மகன் அல்லது மகள் ஒருவர், டாக்பேக்கை அன்றாடம் பயன்படுத்துகிறவர் ஒருவர். ஊழியர்களின் உறவினர் வேண்டாம். பேருந்துச் செலவோடு ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், பாதியில் நிறுத்தினாலும் முழுத் தொகை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும் கூடத்துக்குப் பக்கத்தில் அமைதியான ஓர் இடம் போதும். அவர்களுடைய போன், அவர்களுடைய டேட்டா. உங்கள் வைஃபை வேண்டாம், உங்கள் புதுப் போனும் வேண்டாம். கண் மருத்துவமனை என்பதால் இன்னொன்று: கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட்ட பிறகு யாரையும் உட்காரவைக்காதீர்கள். பல மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அப்போது தெரிகிற தடுமாற்றம் தளத்தால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. மருந்துக்கு முன்னால், அல்லது வேறொரு நாள்.

கொடுக்கும் வேலையில் திரையில் இருக்கும் சொல் வரக்கூடாது. ‘முன்பதிவு பொத்தானை அழுத்தி மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்’ என்றால் வழியை நீங்களே காட்டிவிட்டீர்கள். ‘உங்க அம்மாவுக்கு ஒரு கண்ணுல புகை மாதிரி தெரியுது. அடுத்த வாரம் காலையில கூட்டிட்டு வரணும். வீட்டுல இருந்தே இதுல ஏற்பாடு பண்ணுங்க’ என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் இதுதான் கஷ்டமான பகுதி. ‘இதை அழுத்தட்டுமா தம்பி?’ என்று கேட்பார்கள். ‘நான் இங்க இல்லன்னா என்ன பண்ணுவீங்க?’ என்பது மட்டுமே பதில்.

நம் ஊரில் எதிரில் இருக்கிறவர் மனம் நோகக் கூடாது என்று குறையை விழுங்கிவிடுவார்கள். பெரியவர்கள் ‘எனக்குத்தான் தெரியல’ என்று பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வார்கள். அதனால் ஆரம்பத்திலேயே, ‘இதை நான் செய்யல. பரீட்சை இந்தத் தளத்துக்குத்தான், உங்களுக்கு இல்ல. எங்க தடுக்குதுன்னு காட்டினா அதுவே உதவி’ என்று சொல்லிவிடுங்கள். தளத்தைக் கட்டியவர் அந்த அறையில் இருக்க வேண்டாம், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டின் திரைப்பதிவிலேயே தொடுமிடத்தைக் காட்டும் விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதோடு இது நோயாளியின் விவரம். பெயரும் பிறந்த தேதியும் கற்பனையாக எழுதிய சீட்டைக் கொடுங்கள். ஓடிபி மட்டும் உண்மையாக அவர் போனுக்கே வர வேண்டும், இல்லாவிட்டால் கடைசித் திரையைச் சோதித்ததாக ஆகாது.

குறிப்பேட்டில் நான்கு பத்தி: நேரம், திரை, கை செய்தது, வாய் சொன்னது. கடைசி இரண்டையும் கலக்காதீர்கள். ‘சுலபமா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே ஒரே இடத்தில் நாலு முறை தட்டுவார்கள். கை செய்ததைத்தான் நம்ப வேண்டும்.

பதில்: பாகூர் மலர்

ஆட்களைக் கூப்பிடுமுன் முதல் இரண்டு திரையை நீங்களே சரிபார்த்துவிடலாம். அங்கே என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

கடைசிப் பெயர் என்று தனிப்பெட்டி வைத்து அதைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்களா? நம்மிடம் இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும். ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்று விதி இருந்தால் ‘க’ என்று மட்டும் போடுகிறவர் அங்கேயே நின்றுபோவார். முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

தமிழில் தட்டினால் ஏற்கிறதா என்றும் பாருங்கள். பெயர்ச் சோதனையில் யூனிகோடின் ‘எல்’ வகையை, அதாவது எழுத்துகளை மட்டும் அனுமதித்திருந்தால் ‘கண்ணன்’ கூட நிராகரிக்கப்படும். புள்ளியும் துணையெழுத்தும் ‘எம்’ வகையில் வருகின்றன, இரண்டையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். நீள வரம்பையும் பாருங்கள். ‘கிருஷ்ணமூர்த்தி’ கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பதினைந்து. அதிகபட்சம் 20 என்று வைத்திருந்தால் தலைப்பெழுத்து, பெயர், இன்னொரு பெயர் என்று வரும்போது பாதியில் வெட்டிவிடும், ஏன் என்று எந்தச் செய்தியும் வராது.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 1952ல் பிறந்தவர் மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ‘வயது’ என்று ஓர் எண் பெட்டி போதும், சரியான தேதியை நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானே நிரப்புகிறதா உங்கள் தளம்? முதல் மூன்று இலக்கத்தை வைத்து முடிவு செய்தால் தப்பாகும். 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம், அதாவது தமிழ்நாடு. 609602 காரைக்கால், 609001 மயிலாடுதுறை. மாகே 673லும் ஏனாம் 533லும் இருக்கின்றன. தளம் நிரப்பிய மாநிலத்தை மாற்ற முடியாமல் பூட்டியிருந்தால் எல்லையோரத்து ஆட்கள் திணறுவார்கள். உண்மையில், கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்க முகவரி எதற்கு? அந்தத் திரையையே எடுத்துவிடுவதுதான் நல்ல திருத்தம்.

பதில்: ஒலிவழி

டாக்பேக் சிக்கல் பற்றி. நேரக் கட்டங்களை வெறும் டிவ் குறியில் (தன் வேலை என்னவென்று சொல்லாத பொதுப்பெட்டி) கட்டி, தட்டினால் இயங்கும்படி செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்வையுள்ளவருக்கு அது பொத்தான். திரைவாசிப்பானுக்கு அது வெறும் எழுத்து: ‘10.30’ என்று படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், ‘பொத்தான்’ என்று சொல்லாது. காலியா நிரம்பியதா என்பதைப் பச்சை சிவப்பில் மட்டும் காட்டியிருந்தால் அதுவும் கேட்காது. உள்ளே எழுத்து இருக்கும் டிவ்வைக் கருவி பிழையாகக் கருதாது, மதிப்பெண் குறையாததற்கு அதுதான் காரணம். நேரங்களை ரேடியோ பொத்தான்களாக மாற்றி, ஃபீல்ட்செட் என்ற தொகுப்புக் குறிக்குள் வைத்து, ‘செவ்வாய், காலை நேரங்கள்’ என்று தலைப்புக் கொடுங்கள். நிரம்பியதில் ‘நிரம்பியது’ என்று எழுத்தாகவே போடுங்கள்.

அடுத்தது பக்கத்தின் மொழி. ஹெச்டிஎம்எல் குறியில் லாங் மதிப்பு ஆங்கிலம் என்று விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். மதிப்பு இருக்கிறதா, செல்லுபடியாகுமா என்று மட்டும்தான் லைட்ஹவுஸ் பார்க்கும், பக்கம் உண்மையில் எந்த மொழி என்று பார்க்காது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்தால் ஆங்கிலக் குரல் வந்து தமிழ் வரிகளைத் தாண்டிக் குதிக்கலாம், அல்லது மௌனமாகலாம். மருத்துவர் பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பிடிஎஃப்பாக இருந்தால், உள்ளே இருப்பது லத்தீன் எழுத்துகள். குரலும் அதைத்தான் படிக்கும். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்து பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஓடிபி திரை. ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி வேண்டாம், ஒரே பெட்டி வையுங்கள். வந்த எண்ணைப் போனே எடுத்துத் தர ஆட்டோகம்ப்ளீட் மதிப்பு ஒன்-டைம்-கோட், எண் விசைப்பலகை வர இன்புட்மோட் நியூமெரிக். நகலெடுத்த எண்ணை ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், தடுத்தால் இணைய அணுகல் விதித்தொகுப்பான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2ன் 3.3.8 விதிக்கு அது இடைஞ்சல். நொடி எண்ணும் கடிகாரத்தை ஏரியா-லைவ் பகுதியில் (மாறியதைத் திரைவாசிப்பான் தானே படிக்கும் பகுதி) வைத்திருந்தால் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று படித்துக்கொண்டே இருக்கும், மற்ற எதுவும் காதில் விழாது. நேரம் முடியுமுன் ஒருமுறை எச்சரித்தால் போதும். அதன் பிறகு நீட்டிக்க 20 நொடியாவது கொடுக்க வேண்டும்.

இரண்டு ஒலியளவு விசைகளையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் டாக்பேக் இயங்கும்படி அமைப்புகளில் வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் தேர்வு. நீங்களே ஓட்டிப் பாருங்கள், பெரிய ஓட்டைகள் தெரியும். ஆனால் பழகியவரின் இடத்தை அது நிரப்பாது. அவர் கேட்கும் வேகமே வேறு, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப்போவார்.

கெடிலக்கரை

மலர் மேடம் சொன்ன புள்ளிச் சிக்கல் அப்படியே இருக்கிறது, ‘கண்ணன்’ ஏற்கவில்லை. நேரக் கட்டங்களும் டிவ்தான். முகவரித் திரையை நீக்க நிர்வாகத்திடம் பேசுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. கிளாரிட்டி (தளத்துக்கு வருகிறவர்கள் செய்வதைப் பதிவுசெய்யும் கருவி) போட்டுப் பதிவுகளைப் பார்த்தால் நேரில் உட்காருவது மிச்சமாகுமா? நேரில் பார்க்கும்போது ஒருவர் முழுதாக நின்றுபோனால் எவ்வளவு நேரம் விடுவது?

பதில்: தேவனாம்பட்டினம் ராஜா

கிளாரிட்டி எங்கே தட்டினார்கள் என்று காட்டும், எதற்காகத் தட்டினார்கள் என்று காட்டாது. ஒருவர் ஓடிபி திரையில் நின்றால், எஸ்எம்எஸ் வரவில்லையா, வந்த எண் மகனுடைய போனுக்குப் போனதா, எஸ்எம்எஸ் பார்க்கப் போய்த் திரும்பும்போது நினைவகம் குறைந்த போன் பக்கத்தை மறுபடி ஏற்றி எல்லாம் அழிந்ததா? மூன்றும் பதிவில் ஒன்றுபோல்தான் இருக்கும். உள்ளிட்டதைச் சேமித்து வைத்தால் மூன்றாவது தீரும். இரண்டாவதற்கு ஒவ்வொரு திரையிலும் ஒரே இடத்தில் வரவேற்பு எண்ணைத் தட்டினால் அழைக்கும்படி வையுங்கள். கிளாரிட்டியைப் பயன்படுத்துவதானால் எழுத்தையெல்லாம் மறைக்கும் ஸ்ட்ரிக்ட் நிலையில் வைத்துப் பயன்படுத்துங்கள். நேரில் எந்தத் திரையைக் கூர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும், அவ்வளவுதான்.

நின்றுபோனால்: வரம்பை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், ஒரு திரைக்கு மூன்று நிமிடம் என்று வைக்கலாம். அதற்குள் முன்னேறாவிட்டால் ‘முடியவில்லை’ என்று குறித்துவிட்டு, நீங்களே அடுத்த திரையைத் திறந்து கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். முகம் வாடினால் மூன்று நிமிடத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பதில்: ஒலிவழி

டாக்பேக் பயனருக்கு அந்த மூன்று நிமிடம் பத்தாது. முதல்முறை பார்க்கும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். இரண்டு மடங்காவது கொடுங்கள், அதைத் தாமதம் என்று குறிக்காதீர்கள்.

பதில்: பாகூர் மலர்

ஐந்து பேர் முடிந்ததும் குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள்: ஆளை நிறுத்தியது, ஆளைத் தாமதப்படுத்தியது. நிறுத்தியது ஒரே ஒருவரைத்தான் என்றாலும் முதலில் அதைத் திருத்துங்கள். எஸ்யூஎஸ் (பயன்பாட்டு எளிமைக்கு மதிப்பெண் போடும்) வினாத்தாளெல்லாம் இப்போது வேண்டாம், ஐந்து பேரின் சராசரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போனில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவர்கள் உங்களிடம் நிறைய வருவார்கள். எழுத்தை 200 சதவீதமாக்கிப் பாருங்கள். பொத்தானுக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தால் ‘உறுதிசெய்’ என்பதில் கீழே இறங்கும் ‘று’வின் கால் வெட்டுப்படும். உயரத்தை விட்டுவிட்டு உள் இடைவெளி கொடுங்கள், வரி உயரம் 1.6 அளவில் இருக்கட்டும். தொடுமிடத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 கேட்பது 24க்கு 24 பிக்சல், உங்கள் நேரக் கட்டங்களுக்கு 48 வையுங்கள். நிர்வாகம் தயங்கினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ன் 46ஆம் பிரிவு தனியார் சேவைக்கும் பொருந்தும் என்று சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்றில் அதே ஆட்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு வழி பழகிப்போயிருக்கும். டாக்பேக்கில் சிக்கலைச் சொன்னவரை மட்டும் கூப்பிடுங்கள். நேரத் திரை சரியாகிவிட்டதா என்று அவர் சொன்னால்தான் தெரியும்.