இசைத்தட்டுகளை மொத்தமாக விற்கலாமா?

உவர்மலையான்:
திருகோணமலை நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். என்னிடம் இரண்டு அலுமாரி நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. பாதி என் தந்தை சேர்த்தவை. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, அதிகாரிகள் வீட்டுச் சாமான்களோடு விற்ற ஆங்கில நடனத் தட்டுகளும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டுகளும் அவற்றில் அடக்கம். மீதி நான் உத்தியோகத்துக்குப் போன பின் வாங்கியவை: எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், எழுபதுகளின் இலங்கைப் பொப்பிசை, எண்பதுகளின் இளையராஜா. வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கனடா போகிறேன். கொழும்பு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று இலட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.

ஊசிமுனை:
ஐயா, தயவுசெய்து இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வந்தவர் எவ்வளவு நேரம் பார்த்தார்? தட்டுகளை உறையிலிருந்து எடுத்தாரா? உறையை மட்டும் புரட்டிவிட்டு மொத்த விலை சொன்னவர், தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தட்டுகளுக்கு மட்டுமே விலை போட்டிருப்பார். மற்றவை அவருக்குச் சும்மா கிடைக்கும்.

பழையது என்பதாலேயே விலை வந்துவிடாது. நடனத் தட்டுகள் உலகம் முழுவதும் குவிந்து கிடக்கின்றன. சுப்ரபாதம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. அதற்கும் பெரிய விலை இல்லை. ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் எல்லோரும் கசட்டுக்கு மாறிவிட்டார்கள். அதனால் குறைவாகவே அச்சான அந்தக் காலத்து இளையராஜா எல்.பி.க்களுக்கு (நீண்டநேரத் தட்டுகளுக்கு) வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல பணம் கொடுக்கிறார்கள். டிஸ்கொக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனை இணையத்தளத்தில் ஒவ்வொரு பதிப்பும் முன்பு என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

நிலாவெளி வியாபாரி:
தம்பி சொல்வது கணக்குக்குச் சரி, நடைமுறைக்குச் சரிவராது. ஐயாவின் வயதில் ஒவ்வொரு தட்டாகப் படம் எடுத்து, தரம் எழுதி, பொதி கட்டி, தபால் கந்தோருக்கு அலைவது யார்? வழியில் உடைந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது யார்? விற்காமல் மிஞ்சுகிற ஆங்கிலத் தட்டுகளை எங்கே வைப்பது? கொழும்பு ஆள் அந்தச் சுமை முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், அதற்கும் ஒரு விலை உண்டு. என் விருந்தினர் விடுதிக்குப் பழைய சாமான் வாங்கி விற்கும் பழக்கத்தில் சொல்கிறேன்: கையில் வந்த பணமே பணம். வேண்டுமானால் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து எல்லாவற்றையும் துடைத்து வையுங்கள். பளபளப்பாக இருந்தால் விலையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம்.

ஊசிமுனை:
ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்! நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. மதுசாரம் பட்டால் அரக்குக் கரையும். ஒரே துடைப்பில் மேற்பரப்பு மங்கி, ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இரைச்சலாகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும், லேபிளில் ஈரம் படக்கூடாது. பூட்டிய வானுக்குள் வெயிலில் வைத்து ஏற்றிப் போகவும் விடாதீர்கள். எல்.பி. போன்ற வினைல் தட்டு வளைந்தால் பழைய நிலைக்கு வராது.

தரத்தைக் குழல் விளக்கின் கீழ் பார்க்க வேண்டாம். காலை வெயில் சரிவாக விழும் யன்னலோரம் பிடித்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் தாறுமாறாக ஓடியிருந்தால், தட்டு அடிக்கடி ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கோடே இல்லாத இளையராஜா தட்டு இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆழிக்கரை:
இருவரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். 1983 இலும் 1990 இலும் இந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போயின என்று நமக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிராமபோனும் தட்டுகளும் அப்படித்தான் போயின. மிஞ்சியதில் கடலோர வீடுகளில் இருந்ததை 2004 டிசம்பர் 26 எடுத்துக்கொண்டது. அத்தனையும் கடந்து ஓர் உவர்மலை வீட்டில் முழுச் சேகரிப்பு நிற்கிறது என்றால், அதை ஜேர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஒவ்வொன்றாக அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை, ஐயா. ஒரு பாடசாலைக்கோ பொது நூலகத்துக்கோ மொத்தமாகக் கொடுங்கள். இங்குள்ள பிள்ளைகள் தங்கள் பாட்டன்மார் எதைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

உவர்மலையான்:
தங்கையே, உங்கள் வேதனை எனக்கும் உண்டு. ஆனால் நிறுவனத்திடம் இருந்தால் பாதுகாப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். பாடசாலை என்கிறீர்கள், எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலைக்கு நண்பர் கொடுத்த தட்டுகள், ஒழுகுகிற களஞ்சிய அறையில் மாரி மழையில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டேன். இவை தப்பியது என் தந்தை காசு கொடுத்து வாங்கினார் என்பதால்தான். காசு கொடுத்து வாங்குகிறவன் கவனமாக வைத்திருப்பான். அவன் எந்த நாட்டில் இருந்தால் என்ன?

ஒன்றைக் கேட்க வேண்டும். அச்சடித்த லேபிள் இல்லாத தட்டு ஒன்று இருக்கிறது. கையெழுத்தில் ‘பத்திரகாளி கோயில் நாதஸ்வரம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. விளிம்பில் கறுப்பு உரிந்த இடத்தில் வெள்ளி நிற உலோகம் தெரிகிறது. மேலே வெண்தூள் படிந்திருக்கிறது. கொழும்புக்காரர் இதைக் கழிவு என்று ஒதுக்கவில்லை, மற்றவற்றோடு சேர்த்தே அடுக்கினார்.

ஊசிமுனை:
ஐயா, அதை ஒருபோதும் கிராமபோனில் போடாதீர்கள். அது ஆலையில் அச்சிட்ட தட்டு அல்ல. அலுமினியத் தகட்டில் மெருகெண்ணெய் (வார்னிஷ்) போன்ற பூச்சைப் பூசி, ஒலிப்பதிவின்போதே ஊசியால் நேரடியாக வெட்டிய தட்டு. பெரும்பாலும் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். பூச்சிலுள்ள எண்ணெய் காலப்போக்கில் வெளியேறுவதால் அந்த வெண்தூள் வருகிறது. எண்ணெய் போகப் போகப் பூச்சுச் சுருங்கி வெடித்துத் தகட்டைவிட்டு உரியும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பாட்டு தேயும். இலேசான முள் உள்ள இயந்திரத்தில், அனுபவமுள்ளவர் ஒரே முறை ஓட்டிக் கணினியில் பதிந்துவிட வேண்டும்.

ஆழிக்கரை:
நான் இவ்வளவு நேரம் சொன்னது இதைத்தான். நம் கோயில் வாசலில் வாசித்த யாரோ ஒரு நாதஸ்வரக்காரர் மூன்று இலட்சத்துக்குள் கொழும்பு போயிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் கொடுங்கள் என்ற என் கோரிக்கையை விட்டுவிடுகிறேன். பொப்பிசைத் தட்டுகளும் இந்தத் தட்டும் நாட்டைவிட்டுப் போவதற்கு முன் பிரதியெடுக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன். ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. அவர்களிடம் கேளுங்கள். பட்டியல் எழுத நான் வருகிறேன், என் மாணவிகள் இருவரையும் கூட்டிவருகிறேன்.

நிலாவெளி வியாபாரி:
பட்டியல் எழுத ஆள் வந்துவிட்டால் என் மறுப்பில் பாதி போய்விட்டது. மறுபாதி அப்படியே இருக்கிறது: ஆங்கிலத் தட்டுகளைத் தனித்தனியாக விற்று மாளாது. அவற்றையும் சுப்ரபாதம் போன்ற சாதாரணத் தட்டுகளையும் கொழும்பு ஆளுக்கே மொத்தமாகக் கொடுங்கள். விலை குறையும், குறையட்டும்.

உவர்மலையான்:
ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துத் தட்டு விற்பனைக்கு இல்லை. இளையராஜா தட்டுகளை ஊசிமுனைத் தம்பி சொன்னபடி ஒவ்வொன்றாக விற்பேன். பொப்பிசையைப் பிரதியெடுத்த பின் விற்பேன், தங்கை அதற்கு என்னைக் கோபிக்கக் கூடாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், யன்னலோரம் வெயில் நன்றாக விழும். தம்பி, அந்த இலேசான முள் உள்ள இயந்திரம் உங்களிடம் இருக்கிறதா?

ஊசிமுனை:
இருக்கிறது, ஐயா. 78க்கான அகன்ற ஊசியையும் கொண்டுவருகிறேன், எல்.பி. ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும். நான் வரும்வரை அந்தத் தட்டின் தூளைத் துடைக்காமல், நிமிர்த்தி, நிழலில் வையுங்கள்.