பூட்டிய ஆய்வுக் கட்டுரைகள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றிப் படித்துவருகிறேன். பழைய செய்தித்தாள்களுக்குக் கவலையில்லை, தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது. சிக்கல் ஆய்வுக் கட்டுரைகளில்தான். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகக் கணக்கை மூடிவிட்டார்கள். இப்போது சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, முழுசாகப் படிக்க 40 வெள்ளி கேட்கிறது ஆய்விதழின் இணையத்தளம். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுக்கு இது அநியாயம்தான்!

கட்டுரைகளின் இலவசப் பிரதியைச் சட்டப்படி தேடித்தரும் அன்பேவால் (Unpaywall) என்ற உலாவி நீட்சியைப் போட்டுப் பார்த்தேன். புதியவை சில கிடைத்தன, 1990களில் வந்தவை அகப்படவில்லை. என்டியு, என்யுஎஸ் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் ஆசிரியரின் இறுதிப் பிரதியை (இதழ் அச்சமைக்கும் முன் ஆசிரியர் கொடுத்த வடிவத்தை)த் தேடத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கணினிகளில் ஜேஸ்டோர் (JSTOR) என்ற ஆய்விதழ்த் தொகுப்பு திறக்குமா? அப்புறம், ஆசிரியருக்கே மின்னஞ்சல் போட்டால் தப்பாக நினைப்பார்களா? திருட்டுத் தள இணைப்புகள் வேண்டாம், ப்ளீஸ்.