நாய்க்குப் பச்சை இறைச்சி உணவு: கைக்குழந்தை இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் சரிவருமா?

பொங்கோல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் நாய் ஒன்று இருக்கிறாள். தத்தெடுத்து வளர்க்கும் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’, அதாவது உள்ளூர்க் கலப்பின நாய்; எடை 14 கிலோ. இதுவரை கோழி இறைச்சி சேர்த்த உலர் உணவைத்தான் கடையில் வாங்கிக் கொடுத்து வருகிறோம். சில மாதங்களாக அவள் பாதங்களை ஓயாமல் நக்குகிறாள். காதின் உட்புறமும் சிவந்து, ஒருவகைப் புளித்த வாடை வீசுகிறது. புளோக்கின் கீழே நாயோடு நடக்க வருபவர்களில் இருவர், உலர் உணவை அடியோடு நிறுத்திவிட்டு எலும்பும் ஈரலும் கலந்த பச்சை இறைச்சிக்கு மாறினால் தோல் தானாகத் தெளிந்துவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

எனக்கும் விருப்பம்தான். ஆனால் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் என் தாயாரும் உடன் இருக்கிறார். அம்மா சைவம் என்பதால், ஒரே குளிர்பதனப் பெட்டியில் மாவும் மாட்டிறைச்சியும் இருப்பதை அவர் எப்படி ஏற்பார் என்பது வேறு கவலை. அனுபவம் உள்ளவர்கள் எந்த அளவில் கொடுக்கிறீர்கள், கிருமி பற்றிய அச்சம் உண்மைதானா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஈரச்சந்தை:

தம்பி, நான் என் இரண்டு நாய்களுக்கும் பல ஆண்டுகளாகப் பச்சை இறைச்சிதான் கொடுக்கிறேன், ஆகவே முதலில் அளவைச் சொல்கிறேன். வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு என்பது பொதுவான தொடக்கம். உங்கள் நாய்க்கு 2.5 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 350 கிராம் வரும். அதில் ஏறத்தாழ 280 கிராம் சதை, 35 கிராம் எலும்பு, 35 கிராம் உள்ளுறுப்பு. உள்ளுறுப்பில் பாதி ஈரலாகவும் மீதி சுவரொட்டி (மண்ணீரல்), சிறுநீரகம் போன்றவையாகவும் இருக்க வேண்டும். இதயமும் கோழி இரைப்பையும் சதைக் கணக்கில்தான் சேரும். ஈரலைக் கூட்டிவிடாதீர்கள், நாள்தோறும் அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து மூட்டுகளைப் பாதிக்கும்.

‘இறைச்சி இயற்கையானது, அது போதும்’ என்று நினைத்து வெறும் சதையை மட்டும் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. நாயின் உணவில் கால்சியம் குறைந்தது பாஸ்பரசுக்குச் சமமாகவும் அதிகம் போனால் இரு மடங்காகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். குட்டி நாய்களிடம் இதன் விளைவை விரைவில் காணலாம். எலும்பு சேர்த்தாலும் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையக்கூடும் என்பதால் மத்தி மீன், சிப்பி, அளந்த கடற்பாசித் தூள் ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கம்.

எலும்பு எப்போதும் சமைக்காததாகவே இருக்கட்டும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். இரவு சாப்பிட்டு மிஞ்சிய கோழி எலும்பை நாய்க்குப் போடும் பழக்கம் எவர் வீட்டில் இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

செவிலிமனம்:

நான் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன், மருத்துவர் அல்லள். மேலே உள்ள அண்ணன் சொன்ன அளவுகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தம்பி கேட்டதோ அரிப்பைப் பற்றி.

பாதம் நக்குவதும் காது புளித்து நாறுவதும் நம் ஊர் ஈரப்பதத்தில் ஈஸ்ட் எனும் பூஞ்சைத் தொற்றின் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். அதன் பின்னால் தூசிப்பூச்சி ஒவ்வாமை இருக்கலாம், தெள்ளுப்பூச்சி இருக்கலாம், உணவும் இருக்கலாம். உணவுதான் என்று வைத்துக்கொண்டாலும், நாய்களுக்கு மிகுதியாக ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி ஆகியவையே. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கோழியைப் பச்சையாகக் கொடுத்தாலும் அது கோழிதான். முதலில் காதிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, அவள் இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சியைக் கொண்ட உணவையோ மருத்துவர் தரும் சிறப்பு உணவையோ குறைந்தது எட்டு வாரம், இடையில் ஒரு பிஸ்கட் துண்டுகூடக் கொடுக்காமல் சோதித்துப் பார்ப்பதே முறை. (வீட்டில் பாட்டி இருந்தால் அந்த பிஸ்கட் விதிதான் முதலில் உடையும். பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.)

கிருமி அச்சம் உண்மையானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப் பிராணிகளுக்கான 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சால்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நாய் இவற்றை உண்டும் நலமாகவே தோன்றும். ஆனால் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். பின்புறத்தை நக்கிய அதே நாக்கால் குழந்தையின் கன்னத்தையும் நக்கும். நாய்க்கே கேடு வராது என்றும் சொல்வதற்கில்லை. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பச்சைக் கோழி உண்பதற்கும் பின்கால்களில் தொடங்கி உடல் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது; கம்பைலோபாக்டர் கிருமியே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நோயுற்ற நாய்கள் பலவற்றுக்கு உணவாகியிருந்தது கோழிக் கழுத்து.

உறைய வைத்தால் போதும் என்பார்கள். உறைநிலை புழுக்கள் பலவற்றைக் கொல்லும். பாக்டீரியாவைப் பெரும்பாலும் உறங்க மட்டுமே வைக்கும். உறைய வைத்து உலர்த்திய பச்சை உணவுக்கும் இது பொருந்தும்.

ஈரச்சந்தை:

அக்கா கூறியதை மறுக்கவில்லை. ஆனாலும் உலர் உணவு கிருமியற்றது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மனிதர்களுக்குப் பரவிய சால்மொனெல்லாத் தொற்று ஒன்றின் மூலம் உலர் நாய் உணவுதான். 2007இல் மெலமின் என்ற வேதிப்பொருள் கலப்படத்தால் சிறுநீரகம் கெட்டு நாய், பூனைகள் இறந்ததும் தொழிற்சாலை உணவால்தான். எனினும் என் வீட்டில் குழந்தைகள் இல்லை, இறைச்சிக்கென்று தனியாகச் சிறிய உறைபெட்டி இருக்கிறது. உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போது தொடங்க மாட்டேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இறைச்சிப் பொட்டலத்தை இரவில் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் இளக வைப்பீர்கள். காலையில் பையின் ஓரத்திலிருந்து கசிந்த இளஞ்சிவப்பு நீர், தட்டு வைக்க மறந்த நாளில், கீழே உள்ள காய்கறி இழுப்பறைக்குள் சொட்டியிருக்கும். நாயோ எலும்புத் துண்டைக் கிண்ணத்தில் வைத்துத் தின்னாது; கவ்விக்கொண்டு போய்க் குழந்தை தவழும் பாயில் படுத்துத்தான் கடிக்கும்.

அடுக்ககத்தமிழன்:

உணவுப்பையின் சீட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உலர் உணவில் ஈரம் ஏறத்தாழ 10 விழுக்காடு, பச்சை உணவில் 70. உலர் உணவில் 26 விழுக்காடு புரதம் என்றால் நீரைக் கழித்தபின் 29. பச்சை உணவில் 14 என்று அச்சிட்டிருந்தால் அது உண்மையில் 47. கொழுப்பும் அப்படியே: பச்சை உணவில் 15 என்று எளிதாகத் தோன்றும் எண், நீர் நீங்கினால் பாதிக்குப் பாதி கொழுப்பு. கணையம் பலவீனமான நாய்க்கு அது ஆபத்து.

வீட்டுச் சமையல் நடுவழி என்று யாரேனும் சொல்லலாம். நல்லதுதான், ஆனால் கோழியும் சோறும் மட்டும் போதாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2013இல் 200 வீட்டுச் செய்முறைகளைச் சோதித்தபோது 95 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் ஊட்டச்சத்தாவது குறைந்திருந்தது. நம் சமையலில் தவிர்க்க முடியாத வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாம்பாரோ குழம்போ கலந்த சோறு வேண்டவே வேண்டாம்.

பொங்கோல்வாசி:

மூவருக்கும் நன்றி. காதுப் பரிசோதனைக்கு நேரம் குறித்துவிட்டேன். அதுவரை உணவை மாற்றப்போவதில்லை. சோதனை உணவுக்கு முயல் இறைச்சி சரியாக இருக்குமா? அம்மாவின் பாத்திரங்களைத் தொடாமல் தனிச் சட்டியில் வேகவைத்துக் கொடுக்க முடியும்.

செவிலிமனம்:

முயல் பொருத்தமானதே, முன்பு அவள் அதை உண்ணவில்லை என்றால். வீட்டில் வேகவைப்பதானால் கால்சியமும் மற்றச் சத்துகளும் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதந்தோறும் கொடுக்கும் உண்ணி மாத்திரை மெல்லும் வகையாக இருந்தால், அதிலும் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். சோதனைக் காலத்தில் அதற்குப் பதிலாகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கேளுங்கள்.