தலைமையாசிரியரின் கோபம் பிள்ளைகளிடம் தொற்றுகிறது, எப்படிப் பேசுவது?

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை):
காலை வழிபாட்டில் தாமதமாக வரும் பையன்களை எங்கள் தலைமையாசிரியர் மைக்கிலேயே திட்டுகிறார். முதல் பீரியடிலேயே ஆசிரியர்கள் குரலும் ஏறிவிடுகிறது. சத்துணவு வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அதே வார்த்தைகளைச் சொல்லி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்காக இருட்டும்வரை பள்ளியில் இருப்பார்.

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
டீச்சர், 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த பொம்மைச் சோதனை பி.எட். பாடத்திலேயே வரும். பெரியவர் பொம்மையை அடித்ததைப் பார்த்த பிள்ளைகள் அதையே செய்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள் உட்பட. உங்கள் சத்துணவு வரிசையும் அதுதான்.

அந்த நாற்காலியின் அழுத்தம் எனக்குத் தெரியும். எட்டு மணிக்கே மேலிடத்திலிருந்து போன், கேட்டால் உடனே புள்ளிவிவரம் தர வேண்டும். அந்தச் சூட்டோடு மைக்கைப் பிடித்தால் திட்டுதான் வரும். நான் வழிபாடு முடியும்வரை போனை எழுத்தரிடம் கொடுத்துவிடுவேன். தாமதமாக வருபவர்களை இரண்டாம் பீரியடுக்கு அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்ப்பா லேட்டு?” என்று கேட்பேன். பாதிப் பேருக்குப் பஸ்தான் பிரச்சினை. உங்கள் தலைமையாசிரியரிடம் இதைத் தனியாகப் பேசுங்கள், ஸ்டாஃப் மீட்டிங்கில் வேண்டாம்.

இன்னொரு பதில்:
2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17 உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இதையும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். போன் யோசனையை முதலில் சொல்கிறேன். சனிக்கிழமை அவர் சற்று ஓய்வாக இருப்பார்.