பிரையன் ரெனால்ட்ஸ்: யுவென்டஸா, ரோமாவா, டல்லாஸிலேயே இருப்பதா? (கால்பந்து ரசிகர்களின் இணைய இழை)

ஓரக்கோடு (2021 ஜனவரி, கடைசி வாரம்)
அமெரிக்கக் கிளப் எஃப்சி டல்லாஸின் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாட்டக்காரன்) ரெனால்ட்ஸைப் பற்றித் தினம் ஒரு வதந்தி. போன வாரம் இத்தாலியின் யுவென்டஸ் என்றார்கள். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான இடம் இந்த சீசனுக்குத் தீர்ந்துவிட்டதாம், அதனால் பெனவென்டோ என்ற இன்னொரு இத்தாலியக் கிளப் பெயரில் பதிந்து ஆறு மாதம் அங்கே நிறுத்திவைப்பார்களாம். இப்போது ரோமா நடுவில் புகுந்து தூக்கப் பார்க்கிறது என்கிறார்கள். பையனுக்கு 19 வயது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவனைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள், டல்லாஸின் பழைய ரைட் பேக் ரெஜி கேனன் செப்டம்பரில் போர்ச்சுகலின் போவிஸ்டாவுக்குப் போன பிறகுதான் அந்த இடம் முழுசாக இவன் கைக்கு வந்தது. அரை சீசன் ரைட் பேக்கை நம்பி இத்தாலி விமானத்தில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெஞ்ச்வாசி
அண்ணே, இதே பாட்டைத்தான் ஒவ்வொரு ஜனவரியிலும் பாடுகிறீர்கள். வெஸ்டன் மெக்கென்னி இதே டல்லாஸ் அகாடமிப் பையன், அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்ஸில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஜெர்மனியின் ஷால்கவுக்குப் போனான். இன்றைக்கு யுவென்டஸில் ஆடுகிறான், போன மாதம் பார்சிலோனா மண்ணிலேயே கோல் அடித்தான். கூப்பிடும்போது போகாமல் இன்னும் இரண்டு வருடம் டெக்ஸஸ் வெயிலில் காய்ந்தால் என்ன கூடுதலாகக் கற்றுக்கொள்ளப் போகிறான்?

ஓரக்கோடு
மெக்கென்னி நடுக்களம், தம்பி. இவன் டிஃபென்டர். விங்கரைக் கடைசி பதினைந்து நிமிடம் இறக்கிப் பார்ப்பார்கள். ரைட் பேக்கை யார் அப்படி இறக்குகிறார்கள்? அந்த இடத்தில் ஏற்கெனவே ஆடுகிறவனுக்குக் காயம்பட்டால்தான் வாய்ப்பு, அப்போது ஒரு தப்பு செய்தால் அதோடு சரி. 2016 ஜனவரியில் அமெரிக்க டிஃபென்டர் மாட் மியாஸ்காவை இங்கிலாந்தின் செல்சி வாங்கியபோதும் இங்கே இப்படித்தான் குதித்தார்கள். லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டம். அப்புறம் வீட்டெஸ், நான்ட், ரெடிங், இப்போது ஆண்டர்லெக்ட் என்று வேறு கிளப்புகளுக்கு லோனில் (தற்காலிகக் கடனாக) போயே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

ரோமாக்காரன்
இரண்டு பேரும் ரோமா எப்படி ஆடுகிறது என்று பார்க்காமலே சண்டை போடுகிறீர்கள். கோச் ஃபொன்சேகா பின்னால் மூன்று பேரை வைத்து ஆடுகிறார். வலது ஓரம் முழுக்க ஓடுகிறவன் கார்ஸ்டோர்ப், அறுபது நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிடும். மாற்றாக புருனோ பெரேஸ்தான், அவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆக இங்கே கடைசி அரைமணி நேரம் நிஜமாகவே காலியாக இருக்கிறது. யுவென்டஸில் அதே வலது ஓரத்தில் ஆடும் குவாட்ராடோவையும் டனிலோவையும் தாண்டி இவன் எப்போது உள்ளே வருவது? இன்னொன்று, எங்கள் புது முதலாளி ஃப்ரீட்கின் ஹூஸ்டன்காரர். டெக்ஸஸ் பையனைத் தெரியாமல் வாங்குகிற ஆள் இல்லை.

ஓரக்கோடு
முதலாளியின் ஊர்ப் பாசத்துக்கெல்லாம் கோச் ஆட விடுவாரா? இத்தாலியில் அமெரிக்க டிஃபென்டர்களின் கதையைப் பாருங்கள். 1994 உலகக் கோப்பை முடிந்த கையோடு லாலஸ் பதோவாவுக்குப் போனார், சின்னக் கிளப், அதனால் ஆடினார். 2009-இல் ஒன்யெவு ஏசி மிலானுக்குப் போனார், பெரிய கிளப், ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. முழங்கால் போனது பாதி காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நம் ஆட்களுக்கு அவரைப் பற்றி ஞாபகம் இருப்பது பயிற்சியில் இப்ராஹிமோவிச்சோடு கட்டிப் புரண்டதுதான்.

வெயில்பக்க சீட்
நான் டல்லாஸ் அணியின் மைதானம் இருக்கிற ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கிறேன், இவனை நேரில் பார்த்திருக்கிறேன். ஆறடிக்கு மேல் உயரம். டயோட்டா ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கம் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் இருக்கிறதே, அதை நோக்கி ஓடும்போது நாலு எட்டில் நம்மைத் தாண்டிவிடுவான், கிராஸும் தலை உயரத்தில் கச்சிதமாக வரும். தாக்குதலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது பாருங்கள். பந்தையே வெறித்துக்கொண்டு நிற்பான், முதுகுக்குப் பின்னால் ஆள் நுழைவது தெரியாது. முன்வரிசைக்காரனின் பழக்கம் அது. திட்டித் திட்டித்தான் போகும், திட்டுவதற்கு ஒரு கோச் வாராவாரம் இவனை ஆட விட்டாக வேண்டும். அமெரிக்க டிஃபென்டர் மார்க் மெக்கென்ஸி கெங்க் கிளப்புக்குப் போனது போல பெல்ஜியத்துக்குப் போனால் இந்தப் பாடம் மலிவாக முடியும்.

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. டல்லாஸ் கடைசியாக ஆடியது டிசம்பர் 1, சியாட்டிலிடம் தோற்ற அன்று. இரண்டு மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்தவன் நேராகப் பாதி சீசனில் போய் இறங்க வேண்டும்.

பெஞ்ச்வாசி
பெல்ஜியம் பெல்ஜியம் என்கிறீர்கள். ரோமா கதவைத் தட்டும்போது, இருங்கள், முதலில் கெங்க் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் பிள்ளையாக இருந்தால் சொல்லச் சொல்வீர்களா?

வெயில்பக்க சீட்
என் பிள்ளைக்கு ஒன்பது வயது, ஷூ லேஸே கட்டத் தெரியாது. விடுங்கள்.

ரோமாக்காரன் (பிப்ரவரி 1)
ரோமா அறிவித்துவிட்டது. முதலில் லோன், பிறகு கட்டாயம் வாங்க வேண்டும். விலை ஏறத்தாழ 70 லட்சம் யூரோ, போனஸ் தனி. பெனவென்டோ கதை முடிந்தது.

ஓரக்கோடு
வாழ்த்துகள். இதே நாளில் நடந்த இன்னொன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: டல்லாஸ் அகாடமியிலிருந்து வந்த கிறிஸ் ரிச்சர்ட்ஸை பயர்ன் மியூனிக் இன்னொரு ஜெர்மன் கிளப்பான ஹோஃபன்ஹைமுக்கு லோனில் அனுப்பியிருக்கிறது. அங்கே கோச் செபாஸ்டியன் ஹூனஸ். பயர்னின் இரண்டாம் அணியில் ரிச்சர்ட்ஸை ஆட வைத்த அதே ஆள், பையனின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. ஐரோப்பாவுக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை, யாரிடம் போகிறான் என்றுதான் கேட்கிறேன். ஃபொன்சேகாவை அடுத்த சீசனும் ரோமா வைத்திருக்கும் என்று யாராவது எழுதித் தருவீர்களா?

பெஞ்ச்வாசி (2021 அக்டோபர் 22)
இந்த இழையை நானே தூசி தட்டி எடுக்கிறேன், ஓரக்கோடு எடுப்பதற்குள். ஃபொன்சேகா போய் மொரீனியோ வந்துவிட்டார். நேற்று நார்வே குளிரில் போடோ கிளிம்ட்டிடம் ரோமா 6-1 என்று தோற்றது. அவருடைய அணி ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது இதுதான் முதல் முறை. வலது ஓரத்தில் நம்ம பையன்.

ஓரக்கோடு
ஆறு கோலையும் அவன் தலையில் கட்ட மாட்டேன், அன்று இறங்கியதே பாதி இரண்டாம் அணி. ஆனால் மொரீனியோ கட்டுவார். பையனை இனி கேலரியில்தான் தேட வேண்டும்.

ரோமாக்காரன் (2022 ஜனவரி)
பெல்ஜியத்தின் கோர்ட்ரைக்குக்கு லோன். எழுதவே கை வரவில்லை.

வெயில்பக்க சீட் (2023 கோடை)
லோனில் வைத்திருந்த பெல்ஜியக் கிளப் வெஸ்டர்லோ இப்போது அவனை வாங்கியேவிட்டது. ஒருவழியாக பெல்ஜியம். நான் சொன்ன பாடம் முடிந்தது, ஃபீஸ் மட்டும் ரோமா கட்டியிருக்கிறது.

பெஞ்ச்வாசி
அந்த ஃபீஸ் டல்லாஸ் அகாடமிக்குப் போயிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அவன் உங்கள் பேச்சைக் கேட்டு முதலிலேயே வெஸ்டர்லோ போயிருந்தால் அதில் பாதியாவது வந்திருக்குமா?

ஓரக்கோடு
இவ்வளவு நாள் வீரனுக்காகப் பேசினாய், இப்போது டல்லாஸுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாய். ரிச்சர்ட்ஸ் போன வருடமே இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் போய்விட்டான், அதைச் சொல்ல மறந்துவிட்டாயே தம்பி.